ஒரு டிக்கோடு நின்ற பதினொரு மெசேஜ்கள்: புஷ் நோட்டிஃபிகேஷன் பிறந்த கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வார எபிசோடை ஒரு சொந்தக் கதையில் ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு ராத்திரி. நான் சென்னையில் இருந்தேன், அப்பாவும் அண்ணனும் தஞ்சாவூரில். நடுராத்திரி தாண்டி அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன் எனக்குக் கால் பண்ணவில்லை. பதறிப்போய் அந்த இருட்டில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேனோ என்று பயந்திருக்கிறார். அதனால் சாட்டில் மெசேஜ் போட்டார். பார்த்தால் நானே கூப்பிடுவேன் என்ற நம்பிக்கை. ஒண்ணே முக்காலுக்கு முதல் மெசேஜ், நாலு மணிக்குக் கடைசி மெசேஜ். மொத்தம் பதினொன்று. நடுவில் அப்பா ரெண்டு தடவை கேட்டாராம்: "சின்னவன் பார்த்தானா?"

காலையில் ஆறே காலுக்கு எழுந்து போனை எடுத்து லாக்கைத் திறந்தேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் டிங், டிங், டிங் என்று பதினொன்றும் மொத்தமாக வந்து விழுந்தது. போன் ஆன்ல இருந்தது. டேட்டா ஆன்ல இருந்தது. சிக்னல் முழுசா இருந்தது. சைலன்ட்ல கூட இல்லை. அண்ணன் அப்புறம் சொன்னார்: "ஒரு டிக்தான்டா இருந்துச்சு. நீ போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்னு நினைச்சேன்."

அப்பா இப்போ நல்லா இருக்கார். ஆனா அந்த ஒரு டிக் என் மனசை விட்டுப் போகவில்லை. எல்லாம் ஆன்ல இருந்தும் அந்தப் போன் ஏன் ராத்திரி முழுக்க வாயே திறக்கவில்லை? இதைத் தேடிப் போனபோது சுமார் இருபத்தைந்து வருஷ வரலாறு ஒன்று கையில் கிடைத்தது. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போகிறேன்.

தூங்கும் போனை எழுப்புவது

முதலில் ஒரு விஷயம். நம்ம போன் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பாக்கெட்டில் போட்டதும் ஸ்கிரீன், பிராசஸர், ரேடியோ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடும். இல்லாவிட்டால் அந்தச் சின்ன பேட்டரி மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது.

அப்போ கால் வந்தால் எப்படி ரிங் ஆகிறது? டவரும் போனும் ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. போனின் ரேடியோ பெரும்பாலும் ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை, கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் விழித்துப் பார்க்கும். 'எனக்கு ஏதாவது இருக்கா?' இல்லையென்றால் திரும்பத் தூக்கம். இருந்தால் முழுசாக எழுந்துகொள்ளும். இதற்குப் பெயர் பேஜிங்.

எஸ்எம்எஸ் வருவதும் இந்த வழியில்தான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் தன் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தை வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு அனுப்பினார். உலகின் முதல் எஸ்எம்எஸ் அதுதான். தூங்கும் போனை எழுப்பி எழுத்தைக் கொடுக்கும் வேலை அன்றைக்கே நடந்துவிட்டது.

ஆனா இந்த வசதி டெலிபோன் கம்பெனியின் சொத்து. இன்டர்நெட்டில் ஓடும் ஒரு சாட் ஆப்புக்கு இது கிடையாது. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மறதிக்கார வாட்ச்மேன்

நீங்கள் ஒரு பெரிய அபார்ட்மென்டில் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் ஒரு வாட்ச்மேன். வெளியில் இருந்து யார் வந்தாலும் உள்ளே விடமாட்டார். ஆனா நீங்களே இன்டர்காமில், 'அண்ணா, ஒருத்தர் பார்சல் கொண்டு வருவார், விட்டுடுங்க' என்று சொல்லிவைத்தால் நோட்டில் எழுதிக்கொள்வார். பார்சல் வந்ததும் விடுவார்.

மொபைல் இன்டர்நெட்டும் இப்படித்தான். பழைய இன்டர்நெட் முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளையும் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். போனுக்கு ஒன்று என்று கொடுக்க வழியில்லை. அதனால் மொபைல் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான போன்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. வெளியில் இருக்கும் சாட் சர்வர் உங்கள் போனைத் தானாகத் தேடி வர முடியாது. போன்தான் முதலில் சர்வரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் நெட்வொர்க்கின் வாட்ச்மேன் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார். அந்த வரி இருக்கும்வரை சர்வர் பதில் அனுப்பலாம்.

பிரச்சினை என்னன்னா, இந்த வாட்ச்மேனுக்கு மறதி அதிகம். சில நிமிஷம் எந்தப் பேச்சும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுவார். அடித்ததை உங்களிடமும் சொல்லமாட்டார், சர்வரிடமும் சொல்லமாட்டார். இணைப்பு உயிரோடு இருப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சர்வர் அனுப்புவது கேட்டிலேயே குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு ஆப் எழுதுபவர்கள் கண்டுபிடித்த மருந்து ஹார்ட்பீட். சில நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வருக்கு ஒரு சின்ன 'இருக்கேன்' அனுப்புவது. வாட்ச்மேனுக்கு ஞாபகம் வரும், நோட்டில் வரி நிற்கும்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இல்லை. 3ஜி ரேடியோவை எழுப்பி ஒரு பைட் அனுப்பினாலும் அது உடனே தூங்கப் போகாது. இன்னும் ஏதாவது வருமோ என்று 10 நொடிக்கும் மேல் அதிக சக்தியை இழுத்துக்கொண்டு காத்திருக்கும். இதற்கு 'வால்' என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாக ஆய்வாளர்கள் 2009-ல் இதை அளந்து பார்த்தார்கள். 3ஜி-யில் ஒரு சாதாரணத் தரவுப் பரிமாற்றத்துக்குச் செலவாகும் சக்தியில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இந்த வாலிலேயே வீணாகிறது என்பது அவர்கள் கண்டது.

ஒரு கணக்குப் போடுவோம். 5 நிமிஷத்துக்கு ஒரு ஹார்ட்பீட் என்றால் ஒரு நாளைக்கு 288. ஒவ்வொன்றுக்கும் 10 நொடி வால் என்றால் 48 நிமிஷம். நாலு சாட் ஆப் தனித்தனியாக அடித்தால் 3 மணி நேரத்துக்கும் மேல் ரேடியோ தூங்காமல் ஓடும். யாரும் உங்களுக்கு ஒரு 'ஹாய்' கூட அனுப்பாத நாளிலும் இதே கணக்குதான்!

ஒரு பென்சில் செல்லில் ஓடிய அதிசயம்

இந்தச் சிக்கலை முதலில் வென்று காட்டியது கனடாவின் வாட்டர்லூ நகரத்தில் இருந்த ரிசர்ச் இன் மோஷன். 1984-ல் மைக் லசாரிடிஸும் டக்ளஸ் ஃப்ரெகினும் தொடங்கிய கம்பெனி. 1999-ல் அவர்கள் கொண்டுவந்த முதல் பிளாக்பெர்ரி, பேஜர் மாதிரி ஒரு சின்னப் பெட்டி. டிவி ரிமோட்டில் போடுவோமே, அந்தப் பென்சில் செல் ஒன்றே ஒன்று போட்டால் வாரக்கணக்கில் ஓடும். ஈமெயில் வந்தால் உடனே அடிக்கும்.

எப்படி? அந்தப் பெட்டி 'மெயில் வந்துச்சா, மெயில் வந்துச்சா' என்று போய்க் கேட்கவே கேட்காது. பேஜர் போல நெட்வொர்க் கூப்பிடும்போது மட்டும் எழுந்துகொள்ளும். நடுவில் கம்பெனியின் சொந்த மையம் ஒன்று உட்கார்ந்திருக்கும். உலகத்தில் எங்கிருந்து மெயில் வந்தாலும் அந்த மையத்துக்கு வந்து, அங்கிருந்து பெட்டிக்குத் தள்ளப்படும். 'புஷ்' என்ற சொல் சாதாரண ஜனங்கள் வாய்க்கு வந்தது இப்படித்தான். 2005-ல் இதே வழியில் பிளாக்பெர்ரி மெசஞ்சர் வந்தது. காலேஜ் பிள்ளைகள் நம்பருக்குப் பதிலாக 'பின்' கேட்டு வாங்கிய காலம்.

எல்லா மெசேஜும் ஒரே மையம் வழியாகப் போகும் என்று சொன்னேன் இல்லையா? அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவோம்.

ஆப்பிள் சொன்ன கறார் 'முடியாது'

2007-ல் ஐபோன், 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர். ஆனா ஒரு விதி: ஆப்பை விட்டு வெளியே வந்தால் ஆப் செத்துவிடும். பின்னணியில் ஓட அனுமதி கிடையாது. சாட் ஆப் எழுதுபவர்கள் கொதித்தார்கள். திறந்து வைத்தால்தான் மெசேஜ் வரும் என்றால் அது என்ன சாட்?

2008 ஜூனில் ஸ்காட் ஃபோர்ஸ்டால் என்ற ஆப்பிள் அதிகாரி மேடையில் ஒரு மாற்றுவழியை அறிவித்தார். ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி இணைப்பு வைத்திருக்க வேண்டாம். போன் ஆப்பிளின் சர்வரோடு ஒரே ஒரு இணைப்பை வைத்திருக்கும். சாட் கம்பெனி மெசேஜை ஆப்பிளுக்குக் கொடுக்கட்டும், ஆப்பிள் போனுக்குத் தள்ளும். நம்ம அபார்ட்மென்ட் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒருத்தர் ராத்திரி முழுக்க கேட்டில் நிற்க வேண்டாம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஆள் நின்றுகொண்டு, யாருக்கு வந்திருக்கிறதோ அந்த வீட்டுக் காலிங் பெல்லை அடிப்பார்.

செப்டம்பரில் தருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. 2009 மார்ச்சில் ஃபோர்ஸ்டால் திரும்ப மேடை ஏறி, தாமதம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆப் எழுதுபவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்ததால் மொத்த ஏற்பாட்டையும் பெரிய அளவுக்கு மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று என்றார். கூடவே ரெண்டு எண்களைக் காட்டினார். பின்னணியில் ஆப் ஓட விடும் மற்ற போன்களில் ஒரு சாட் ஆப்பை ஓடவிட்டுப் பார்த்தால் பேட்டரி தாங்கும் நேரம் 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. புஷ் முறையில் குறைவது 23 சதவீதம். விற்க வந்தவர் காட்டிய எண் என்பதால் கொஞ்சம் உப்பு போட்டே எடுத்துக்கொள்ளலாம். ஆனா வாலைப் பற்றி இப்போ பார்த்தோம் இல்லையா, அதை வைத்துப் பார்த்தால் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

2009 ஜூனில் அது ஐபோனுக்கு வந்தது. ஒரு நோட்டிஃபிகேஷனுக்கு 256 பைட்தான் இடம். தமிழில் எழுதினால் ஒரு வாக்கியம் தேறினால் பெரிசு. ஏன்னா அது மெசேஜைக் கொண்டு வருவதற்காகச் செய்ததே இல்லை. கதவைத் தட்டுவதற்கு மட்டும்தான்.

அந்தத் தட்டலில் ஒரு கம்பெனியின் தலையெழுத்தே மாறியது. உக்ரைனில் பிறந்து அமெரிக்கா வந்த ஜான் கூம் 2009 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தபோது அது சாட் ஆப்பே இல்லை. 'காலில் இருக்கேன்', 'பேட்டரி தீரப்போகுது' என்று ஸ்டேட்டஸ் போடும் ஆப். பெரிசாக யாரும் சீண்டவில்லை. புஷ் வந்ததும், ஸ்டேட்டஸை மாற்றினால் நண்பர்களின் போனில் தட்டும்படி அதில் சேர்த்தார். நண்பர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டேட்டஸிலேயே ஒருத்தரோடு ஒருத்தர் பேச ஆரம்பித்தார்கள். ஆக, மெசேஜ் அனுப்பும் ஆப் ஒன்று தனக்குத் தெரியாமலே உருவாகிவிட்டிருந்தது. 2014-ல் ஃபேஸ்புக் அதை வாங்க ஒப்புக்கொண்ட விலை 1,900 கோடி டாலர்.

டோக்கியோவில் ஒரு காலை நேரம்

ஆண்ட்ராய்டு எதிர்வழியில் போனது. 2008-ல் வந்தபோதே எந்த ஆப்பும் பின்னணியில் ஓடலாம், சொந்தமாக இணைப்பு வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 2010-ல் கூகுளும் ஒரு பொது இணைப்பைத் தந்தது. ஆனா அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல ஆப்கள் தங்கள் சொந்த ஹார்ட்பீட்டையே அடித்துக்கொண்டிருந்தன. 'டாஸ்க் கில்லர்' என்று ஒரு ஆப்பை எல்லாரும் போட்டு வைத்திருந்தது இந்தக் காலத்தில்தான்.

பேட்டரி போனால் நம்ம கஷ்டம். ஆனா நெட்வொர்க்கே போனால்? 2012 ஜனவரி 25, டோக்கியோ. காலை நேரம். ஜப்பானின் மிகப்பெரிய மொபைல் கம்பெனியான டோகோமோவின் நெட்வொர்க் தடுமாறி விழுந்தது. 4 மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அந்தத் தடையில் சுமார் 25 லட்சம் வாடிக்கையாளர்கள் சிக்கினார்கள். காரணம் யாரும் படம் பார்த்ததோ டவுன்லோட் பண்ணியதோ இல்லை. புதிதாக மாட்டிய சாதனங்களால், போன்கள் இணையவும் துண்டிக்கவும் அனுப்பும் கட்டுப்பாட்டு சிக்னல்களின் வெள்ளத்தைத் தாங்க முடியவில்லை. ஸ்மார்ட்போன் சாட் ஆப்களும் இன்டர்நெட் கால் ஆப்களும், யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை 'இருக்கேன், இருக்கேன்' என்று அடித்ததுதான் அந்த வெள்ளம் பெருக ஒரு முக்கியக் காரணம் என்று டோகோமோ விளக்கியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு நகரத்தின் போன்களை அன்று முடக்கியது பேச்சில்லை, பேசுவதற்குத் தயாராக நிற்கும் முயற்சி!

திருட்டுத்தனங்களும் தண்டனைகளும்

இதற்குப் பிறகான பத்து வருஷம் போலீஸ், திருடன் விளையாட்டுதான்.

ஐபோனில் 2010-ல் சில ஆப்களுக்கு மட்டும் பின்னணியில் ஓடச் சலுகை கொடுத்தார்கள்: பாட்டு பாடும் ஆப், வழி காட்டும் ஆப், இன்டர்நெட் கால் ஆப். உடனே சில ஆப்கள் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டன. சத்தமே இல்லாத ஒரு பாட்டை ஓடவிட்டால், ஆப் பாடிக்கொண்டிருப்பதாக சிஸ்டம் நம்பும். 2015 அக்டோபரில் ஐபோனில் ஃபேஸ்புக் ஆப் பேட்டரியைக் குடிப்பதாக ஒரே புகார். விசாரித்த அவர்களது பொறியாளர் ஆரி கிராண்ட் ரெண்டு காரணம் சொன்னார். ஒன்று, வீடியோ முடிந்த பிறகும் ஆடியோ திறந்தே கிடந்தது. வேண்டுமென்று செய்ததில்லை என்றார். இன்னொன்று, நெட்வொர்க் பகுதியில் ஒரு கோளாறு. அதற்கு அவர் சொன்ன உவமை: காரின் பின்சீட்டில் உட்கார்ந்து 'வந்துட்டோமா, வந்துட்டோமா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தை. கேட்பதால் ஊர் சீக்கிரம் வராது. கேட்கும் சக்திதான் வீண்.

சீனாவில் இன்னும் மோசம். அங்கே கூகுள் சேவைகளே கிடையாது, அதனால் பொது வாட்ச்மேனும் இல்லை. ஒவ்வொரு ஆப்பும் உயிரோடு இருக்கத் தானே போராட வேண்டும். ஒரே ஒரு பிக்ஸல் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஜன்னலைத் திறந்துவைத்து, 'நான் ஸ்கிரீனில்தான் இருக்கேன்' என்று சிஸ்டத்தை ஏமாற்றினார்கள். ஒரு ஆப் செத்தால் இன்னொரு ஆப் அதை எழுப்பிவிடும் கூட்டணிகூட நடந்தது. நேர்மையான உழைப்பும் இருந்தது. வீசாட் குழு, எந்த நெட்வொர்க்கில் எத்தனை நிமிஷத்தில் இணைப்பு மறந்துபோகிறது என்று சோதித்துச் சோதித்து, அதற்கேற்ப ஹார்ட்பீட்டின் இடைவெளியை மாற்றும் முறையை உருவாக்கியது.

2015-ல் ஆண்ட்ராய்டும் கதவைச் சாத்தியது. டோஸ் என்று ஒரு முறை. சார்ஜர் இல்லாமல், அசையாமல், ஸ்கிரீன் அணைந்து கிடக்கும் போனில் ஆப்களுக்கு நெட்வொர்க்கே நிறுத்தப்படும். அவ்வப்போது கொஞ்ச நேரம் திறப்பார்கள். நடுவில் எழுப்ப வேண்டுமா? கூகுளின் பொது இணைப்பு வழியாக 'அவசரம்' என்று முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். 2017-ல் பின்னணிச் சேவைகளுக்கு இன்னும் கட்டுப்பாடு. 2019-ல் ஆப்பிளும் இன்டர்நெட் கால் வேஷத்தைக் கலைத்தது: கால் என்று சொல்லி எழுந்தால், நிஜமாகவே கால் வந்திருப்பதாக ஸ்கிரீனில் காட்டியாக வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் என் கதையே இல்லை. போன் தயாரிக்கும் கம்பெனிகள் பல, 'எங்க பேட்டரி ரெண்டு நாள் தாங்கும்' என்று விளம்பரம் பண்ணுவதற்காக கூகுளின் விதிக்கு மேலே தங்கள் சொந்தக் கத்தியையும் வைத்தன. கொஞ்ச நேரம் தொடாத ஆப்பை அடியோடு நிறுத்திவிடும். அப்படி நிறுத்தப்பட்ட ஆப்புக்குப் பொது வாட்ச்மேன் பெல் அடித்தாலும் திறக்க வீட்டில் ஆள் இல்லை. எந்தக் கம்பெனி எப்படிக் கொல்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று பட்டியல் போடுவதற்கே 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஓர் இணையதளம் வந்தது. அதை நடத்துபவர்களே ஆப் எழுதுபவர்கள். அவர்கள் செய்யும் ஆப்களில் ஒன்று அலாரம் ஆப். ராத்திரியில் கொல்லப்பட்டால் காலையில் யாரும் எழமாட்டார்கள்!

என் போனில் அன்று ராத்திரி நடந்தது இதுதான். 'பேட்டரி சேமிப்பு' என்ற ஒரு நல்ல பிள்ளை செட்டிங், சாட் ஆப்பை நடுராத்திரிக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தது.

எல்லாக் கதவுக்கும் ஒரே வாட்ச்மேன்

சரி, பிளாக்பெர்ரிக்குத் திரும்புவோம்.

2010 ஆகஸ்டில் இந்திய அரசு பிளாக்பெர்ரிக்குக் கெடு வைத்தது: மெசேஜ்களைப் பாதுகாப்பு அமைப்புகள் பார்க்க வழி செய்யுங்கள், இல்லையென்றால் சேவையை நிறுத்துவோம். ஐக்கிய அரபு அமீரகமும் அதே மாதம் தடை எச்சரிக்கை விடுத்தது. எல்லாம் ஒரு மையம் வழியாகப் போவதால்தான் ஒரு கதவைத் தட்டிக் கேட்க முடிந்தது. அடுத்த வருஷம், 2011 அக்டோபர் 10. அந்தக் கட்டமைப்பில் ஒரு முக்கிய ஸ்விட்ச் பழுதானது. அதற்கு மாற்றாக வைத்திருந்ததும் வேலை செய்யவில்லை. ஐரோப்பா, மத்தியக் கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா, அப்புறம் அமெரிக்கக் கண்டங்கள் என்று மூன்று நாளுக்கு மேல் பிளாக்பெர்ரிகள் ஊமையாகக் கிடந்தன. லசாரிடிஸ் வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்டார். கொடுமை என்னன்னா, அதே வாரம் அக்டோபர் 12-ல் ஆப்பிள் ஐமெசேஜை வெளியிட்டது.

இன்று நிலைமை? சீனாவை விட்டுப் பார்த்தால் உலகத்தின் பெரும்பாலான போன்களுக்கு ரெண்டே ரெண்டு வாட்ச்மேன்கள்: ஆப்பிள், கூகுள். எந்த ஆப்பாக இருந்தாலும் பெரும்பாலும் தட்டல் அவர்கள் கை வழியாகத்தான் வருகிறது. 2023 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன் ஒரு கடிதத்தை வெளியிட்டார். அரசாங்கங்கள் இந்த ரெண்டு கம்பெனிகளிடமும் புஷ் நோட்டிஃபிகேஷன் பதிவுகளைக் கேட்டு வாங்குகின்றன என்றது அது. மெசேஜ் பூட்டப்பட்டே இருக்கலாம். ஆனா எந்த ஆப்பில் இருந்து, எத்தனை மணிக்கு, எந்தப் போனுக்குத் தட்டல் போனது என்பது வாட்ச்மேனின் நோட்டில் இருக்கும் இல்லையா? அதன் பிறகு ஆப்பிள், நீதிமன்ற உத்தரவு இருந்தால்தான் தருவோம் என்று தன் விதியை மாற்றியது. சிக்னல் போன்ற ஆப்கள் அந்தத் தட்டலுக்குள் ஒரு எழுத்துகூட வைப்பதில்லை. 'எழுந்திரு' என்பது மட்டும்தான். எழுந்த ஆப் தானே போய் மெசேஜை எடுத்துக்கொள்ளும்.

ஆக, இந்த வரலாற்றில் நாம் செய்த பேரம் இதுதான். ஆயிரம் ஆப்கள் ஆயிரம் இணைப்பை வைத்துக்கொண்டு பேட்டரியையும் நெட்வொர்க்கையும் தின்றன. அதைத் தாங்க முடியாமல் ஒரே இணைப்புக்கு வந்தோம். பேட்டரி பிழைத்தது. ஆனா யாரை எழுப்பலாம், யாரை விடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த ஒரு கேட்டுக்குப் போய்விட்டது. 'ஆன்லைன்' என்று நம்ம பெயருக்குக் கீழே தெரியும் அந்தச் சொல், நம்ம கையில் இல்லை.

அண்ணனோடு போட்ட ஒப்பந்தம்

அன்று காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது அப்பா மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார். "தூங்கிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். 'நான் தூங்கலை, ஆப் தூங்கிருச்சு' என்று அவருக்கு எப்படி விளக்குவது?

உண்மையில் அதுதான் என்னைக் குத்தியது. என் போன் அன்று ராத்திரி ஒருபோதும் காதை மூடவில்லை. ஒன்றிரண்டு நொடிக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து, 'எனக்கு ஏதாவது இருக்கா' என்று டவரைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அண்ணன் சாதாரணமாக ஒரு கால் போட்டிருந்தால், ஏன், 1992-ல் பிறந்த அந்தப் பழைய எஸ்எம்எஸ் ஒன்றை அனுப்பியிருந்தால்கூட அடித்திருக்கும். அந்தக் கதவை எந்தப் பேட்டரி சேமிப்பும் சாத்துவதில்லை.

அதனால் இந்த எபிசோடு முடிந்ததும் ரெண்டு வேலை செய்யுங்கள். போன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், உங்கள் சாட் ஆப்புக்கு என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு ஆப்புக்கு எடுப்பதால் பேட்டரி அப்படியொன்றும் கரைந்துவிடாது. வீட்டில் அம்மா அப்பா போனிலும் பாருங்கள், அங்கேதான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரெண்டாவது, வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போ விதி இதுதான்: ஒரு டிக்கோடு ஐந்து நிமிஷம் நின்றால் கால் பண்ணணும். ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. பதறுவேனோ என்று யோசிக்கக் கூடாது. போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அண்ணன் கூப்பிட்டார். பதறி எடுத்தேன். "ஒண்ணுமில்லடா, அப்பா உன்கிட்ட பேசணுமாம். மெசேஜ் ஒரு டிக்லயே நின்னுச்சு" என்றார். போனை நான்தான் ஏரோபிளேன் மோடில் போட்டு, அப்போதுதான் எடுத்திருந்தேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.